சிங்காரவேலரும் கல்தச்சர் வென்ற எட்டு மணி நேரமும்

கொல்லிமலை அறப்பளீசுவரர் கோயிலைப் போன்ற பழங்கோயில்களில் கல்வெட்டுகள் கொடையாளரின் பெயரைச் சொல்லும்; கல்லைப் பிளந்தோர், சுமந்தோர் பெயரை அவை சொல்வது அரிது. ஆகவே கல்லுழைப்பாளரின் சங்க வரலாற்றை ஆராயப் புகுவோர் தொலைவிலிருந்தே தொடங்க நேர்கிறது.

1856 ஏப்ரல் 21ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகக் கட்டடப் பணியிலிருந்த கல்தச்சர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டு ஊர்வலம் புறப்பட்டனர். கூலி குறையாமல் எட்டு மணி நேர வேலை அவர்களுக்குக் கிட்டிற்று. அதே கோரிக்கை 1886இல் சிகாகோவில் குருதி சிந்தி மே நாளாயிற்று. அந்நாளைச் சென்னைக் கடற்கரைக்குக் கொணர்ந்தவர் ம. சிங்காரவேலர்.

1860 பிப்ரவரி 18இல் சென்னை அயோத்தியாகுப்பத்தில் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். மாநிலக் கல்லூரியில் பயின்று வழக்கறிஞரானார். பௌத்தம் அவரை ஈர்த்தது. அறிவியலும் பொருளியலும் நிறைந்த பெரும் நூலகமொன்றை வீட்டில் சேர்த்தார். 1921இல், ஒத்துழையாமை இயக்கத்தின்போது வழக்கறிஞர் அங்கியைத் துறந்தார். வயது அறுபதைக் கடந்திருந்தது. பிறர் சாய்வு நாற்காலியை நாடும் பருவம்!

1923 மே முதல் நாள் சென்னையில் இரண்டு இடங்களில் கூட்டம் கூட்டி, தொழிலாளர் விவசாயிகள் கட்சியையும் தொடங்கினார். இந்தியாவில் மே நாள் கொண்டாடப்பட்டது அதுவே முதன்முறை. 1924 கான்பூர் சதி வழக்கு அவர் மீதும் பாய்ந்தது. மறு ஆண்டே அந்நகரில் கூடிய பொதுவுடைமையர் மாநாட்டுக்கு அவரே தலைவர். 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகச் சிறை சென்று 1930இல் மீண்டார். பின்னர் ‘குடிஅரசு’ ஏட்டில் அறிவியல் எழுதினார்.

அவருடைய களம் ஆலையும் ரயில்வேயுமே. ஆலைக்கு ஒரு வாயில் உண்டு, ஒரே சங்கொலி உண்டு. ஆயிரம் பேர் ஒருங்கே நுழைவர், ஒருங்கே வெளியேறுவர். கல் உடைக்கும் குழிகளோ குன்றுதோறும் சிதறியவை. முன்பணம் பெற்ற குடும்பம் குத்தகைதாரருக்குக் கட்டுண்டு கிடக்கும். சங்கம் அங்கே வேர்கொள்ளத் தயங்கியதன் காரணம், என் கருத்தில், இதுவே. அரியானாவின் பரீதாபாத் கல்குவாரிகளில் கொத்தடிமைகளாய் இருந்தோரை இனங்கண்டு விடுவிக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 1983 டிசம்பரில்தான். உலகுக்கு எட்டு மணி நேரத்தைத் தந்த தொழிலின் நிலை அது.

சிங்காரவேலர் 1946 பிப்ரவரி 11இல் மறைந்தார். ஆலைகளின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48ஆகக் குறைத்த சட்டத் திருத்தம் அதே ஆண்டில் வந்தது.