பார்வை இழந்த மருத்துவ மேதை அர்ராஸி

மருத்துவ உலகில் அழியாப் புகழ் பெற்ற அபூபக்ர் முஹம்மது இப்னு ஸக்கரிய்யா அர்ராஸி, ஹிஜ்ரி 251இல் (கி.பி. 865) ஈரானின் ரய் நகரில் பிறந்தார். இன்றைய தெஹ்ரானை அடுத்துள்ளது அந்நகரம். இளமையில் இசையில் நாட்டங் கொண்டிருந்த அன்னார், முப்பது வயதைக் கடந்த பின்னரே மருத்துவம் பயின்றார் என்பர். ரய், பக்தாத் ஆகிய நகரங்களின் மருத்துவமனைகளுக்குத் தலைமை வகித்தார். பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தித் தனிநூல் யாத்தார்.

பதினைந்து ஆண்டுகள் இரவும் பகலும் பெருநூல் ஒன்றிற்காக உழைத்ததில் தம் கண்ணொளி மங்கியதென்றும், கையின் தசைகள் தளர்ந்தனவென்றும் அவரே குறித்துள்ளார். அதன் பின் பிறரைக் கொண்டு படிக்கவும் எழுதவும் செய்தார். முதுமையில் கண்புரை படர்ந்து பார்வை முற்றும் போயிற்று. படிப்பு மிகுதியால் புரை வருவதில்லை. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை வெண்மை படர்ந்து ஒளியை மறிப்பதே புரை. அக்கால மருத்துவரோ அதனைக் கண்ணுள் இறங்கிய நீர் எனக் கருதினர்.

அறுவை செய்ய மருத்துவர் ஒருவர் வந்தார். கண்ணுக்கு எத்தனை படலங்கள் என்று ராஸி வினவ, அவர் விடையறியாது விழித்தாராம். அதை அறியாதவரின் கருவி தம் கண்ணைத் தீண்டலாகாது என மறுத்த ராஸி, பிறர் வற்புறுத்தியபோது, உலகைக் கண்டு சலித்துவிட்டதாகக் கூறினார் என்பது பரவலான கதை. அல்பிரூனி தரும் செய்தி வேறு: தபரிஸ்தானிலிருந்து வந்த மாணவரின் திறமையை ராஸி மெச்சினார், எனினும், மரணம் நெருங்கிய வேளையில் அவ்வேதனை வேண்டாமென மறுத்தார். இதுவே நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது. ஏனெனில் அன்றைய சிகிச்சை, ஊசியைக் கண்ணுள் செலுத்திப் புரையைக் கீழே தள்ளுவதே. கிருமிகளைப் பற்றி அன்று எவரும் அறியார். கண் சீழ்ப்பிடித்து அழிவதும் உண்டு. வெற்றி பெற்றாலும், வில்லை விலகிய கண்ணுக்கு உருவங்கள் தெளிவுறா. அதனை ஈடுசெய்யும் மூக்குக் கண்ணாடியும் அன்று இல்லை.

பார்த்தது போதும் என்று இன்று நம் இல்லத்துப் பெரியோர் கூறுவதுண்டு. ராஸி மறுத்ததற்கான காரணங்கள் இன்று பெரிதும் நீங்கிவிட்டன. 1747இல் பிரெஞ்சு மருத்துவர் டேவியேல் புரையை வெளியே எடுத்தார். 1949இல் இலண்டனில் ஹெரால்டு ரிட்லி செயற்கை வில்லையைப் பொருத்தினார். இப்போது சொட்டு மருந்தாலேயே கண்ணை மரக்கச் செய்து, பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்புகின்றனர். புரை முற்றட்டும் எனக் காத்திருக்கவும் தேவையில்லை. அன்றாட அலுவலுக்கு இடையூறானால் அதுவே தக்க காலம். அபாயம் அறவே இல்லையென்று கூற இயலாது. ஆயினும் மிகக் குறைவு. சில நாட்கள் கண்ணில் நீர் படலாகாதாகையால், ஒளுவைப் பற்றி மருத்துவரிடமும் ஆலிமிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நலம்.

ராஸி ஹிஜ்ரி 313இல் (கி.பி. 925) ரய் நகரிலேயே மறைந்தார். அவர் விட்டுச் சென்ற குறிப்பேடுகளை மாணவர்கள் தொகுத்தனர். அதுவே புகழ்பெற்ற 'அல்ஹாவி'. கண்ணாடிக் குழாயால் புரையை உறிஞ்சி எடுக்கும் பழைய முறையொன்றும் அந்நூலில் பதிவாகியுள்ளது.