நோயாளியின் கட்டிலருகே படித்தவர்கள்: வைத்தியர் கிறீனும் அவருடைய மாணவர்களும்

குருநகரில் நடுச்சாமத்தில் ஒருவருக்கு நெஞ்சு நோவு வந்தால், வீட்டார் யோசிப்பதற்கு அதிகம் இல்லை. ஓட்டோவைப் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போவார்கள். தொழிலுக்குப் போன இடத்தில் திருக்கை முள் குத்தினாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் விடாமல் நின்றாலும் அதே வழிதான். ஷெல்லுக்கும் குண்டுக்கும் நடுவே எத்தனையோ பேரைத் தூக்கிக்கொண்டு ஓடிய வழியும் அதுதான். நடந்தே போகக்கூடிய தூரத்தில் உள்ள அந்த ஆஸ்பத்திரி 1850ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் தொடக்க காலத்தோடு ஓர் அமெரிக்கரின் பெயரும், அவரிடம் படித்த தமிழ் மாணவர்களின் உழைப்பும் சேர்ந்திருக்கின்றன.

அவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்ரர் என்ற ஊரில் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் படித்து 1845இல் பட்டம் பெற்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 25 வயதில், அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டையில் தங்கினார். 1848இல் மானிப்பாய்க்கு இடம் மாறினார்.

அந்த நாளில் சத்திர சிகிச்சை என்றால் மக்களுக்குப் பயம். கத்தி வைத்தால் உயிர் போய்விடும் என்று நம்பினார்கள். ஒரு வெள்ளைக்கார வைத்தியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒரு குடாநாடு முழுவதற்கும் அவர் ஒருவரே ஓடித்திரிய முடியாது. கிறீன் இதை வந்தவுடனேயே விளங்கிக்கொண்டார். மானிப்பாய்க்குப் போன அதே ஆண்டில் ஒரு சில தமிழ் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பைத் தொடங்கினார்.

அந்த வகுப்பு நடந்த முறைதான் இன்றைக்கும் நாங்கள் கவனிக்க வேண்டியது. மாணவர்கள் முதலில் புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டு, பிறகு ஒருநாள் சேவை செய்யப் புறப்பட்டவர்கள் அல்லர். வகுப்பறையும் மருந்துச்சாலையும் ஒன்றாகவே இருந்தன. பாடம் கேட்டவர்களே மருந்து கலந்தார்கள், புண்ணைக் கழுவிக் கட்டினார்கள், சத்திர சிகிச்சையில் அருகே நின்று உதவினார்கள். நோயாளியும் அவருடைய உறவினர்களும் பேசும் தமிழில் நோயின் கதையைக் கேட்டறிந்தார்கள். ஊருக்குச் செய்யும் தொண்டு அவர்களுடைய படிப்புக்குப் புறம்பான ஒன்றாக இருக்கவில்லை. படிப்பே அந்தத் தொண்டின் வழியாகத்தான் நடந்தது.

1850இல் அரச அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக் முன்னின்று யாழ்ப்பாண நகரத்தில் ஏழைகளுக்கென ஒரு வைத்தியசாலையை உருவாக்கினார். நட்பு நாடும் சங்கத்தின் பேரில் நடந்த அந்த வைத்தியசாலைக்குக் கிறீனின் துணை கிடைத்தது. அவரிடம் பயின்றவர்கள் அங்கே வேலை செய்தார்கள். 1907இல் அதை அரசாங்கம் பொறுப்பேற்றது. இன்று போதனா வைத்தியசாலையாக நிற்பது அதுதான். அதே 1850இல்தான், பின்னாளில் புனித பத்திரிசியார் கல்லூரி என்று பெயர் பெற்ற பாடசாலையும், அந்நாளில் கரையூர் என்று அழைக்கப்பட்ட குருநகருக்குப் பக்கத்தில் தொடங்கியது. ஒரே ஆண்டில் ஒரு வைத்தியசாலையும் ஒரு பாடசாலையும் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தன.

1857இல் கிறீன் தாய்நாடு திரும்பினார். அங்கே திருமணம் செய்து, 1862இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். இரண்டாம் முறை வந்தவர் முன்பு போல் வகுப்பை நடத்த விரும்பவில்லை. முதற்காலத்தில் அவர் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். அப்படிப் படித்தவர்களில் பலர் கூடிய சம்பளம் கிடைக்கும் அரசாங்க வேலைகளைத் தேடி வெளியூர்களுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. குடும்பக் கஷ்டம் அவர்களுக்கும் இருந்தது. ஆனால் எந்தக் கிராமத்துக்காக அவர்களை ஆயத்தம் செய்தாரோ, அந்தக் கிராமம் மறுபடியும் வைத்தியர் இல்லாமல் நின்றது.

இதற்குக் கிறீன் கண்ட வழி, பாடத்தைத் தமிழில் நடத்துவது. 1864 அளவில் தமிழ் வழி மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். தமிழில் படித்தவர் தமிழ் மக்கள் நடுவே தங்குவார் என்பது அவருடைய கணக்கு. மாணவர்கள் மேனாட்டு உடைக்கு மாறுவதையும் அவர் விரும்பவில்லை. ஊராரைப் போல உடுத்தி, ஊராரோடு இருந்து, ஊராருக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்.

தமிழில் கற்பிக்கப் புத்தகம் வேண்டும். புத்தகம் எழுதச் சொற்கள் வேண்டும். பொருத்தமான தமிழ்ச் சொல் இருக்கிறதா என்று முதலில் தேடினார்கள். இல்லாத இடத்தில் வடமொழியைப் பார்த்தார்கள். அங்கேயும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினார்கள். இந்த வேலையைக் கிறீன் தனியே செய்யவில்லை. டான்வோர்த், சப்மன், போல் என்று மிஷன் பெயர்களால் அறியப்பட்ட அவருடைய தமிழ் மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள். கிறீன் சரிபார்த்துத் திருத்தினார். மகப்பேறு பற்றிய நூல் 1857இலேயே வந்திருந்தது. 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875இல் கெமிஸ்தம் என்று நூல்கள் தொடர்ந்து வந்தன. எல்லாம் சேர்ந்து 4000 பக்கங்களுக்கு மேல். தாங்கள் படிக்க வேண்டிய பாடநூலைத் தங்கள் ஊருக்காகத் தாங்களே எழுதிய மாணவர்கள் நம்மிடம் இருந்திருக்கிறார்கள்.

1866, 1867ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி குடாநாட்டைப் பிடித்து உலுக்கியது. அந்தக் கொள்ளைநோய்க் காலம் கிறீனின் மாணவர்களுக்குப் பெரிய பரீட்சையாக வந்தது. மருந்தோடு அவர்கள் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். உறவினரே கிட்டப் போகப் பயந்த நோயாளிகளிடம் அவர்கள் போக வேண்டியிருந்தது. புள்ளி போட்டுப் பட்டம் கொடுக்கும் பரீட்சை அல்ல அது. தவறினால் உயிர் போகும்; எழுதுகிறவரின் உயிரும் போகலாம்.

கிறீனிடம் படித்துத் தேறியவர்கள் 60க்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் 33 பேர் தமிழில் படித்தவர்கள். உடல்நலம் குன்றி 1873இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். பிறகு திரும்பி வரவில்லை. ஆனாலும் வூஸ்ரரில் இருந்துகொண்டே தமிழ் நூல் வேலையைத் தொடர்ந்தார். 1884 மே 28ஆம் திகதி காலமானார். இந்து பதார்த்த சாரம் அவர் மறைந்த பிறகு 1888இல் வெளிவந்தது. தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்பதே அவருடைய கல்லறையில் அவருக்குரிய அடையாளமாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அவரைக் குறையே இல்லாதவராகக் காட்டத் தேவையில்லை. அவர் மதம் பரப்ப வந்த மிஷனைச் சேர்ந்தவர். அந்த நோக்கத்தை மறைத்ததும் இல்லை. அவருடைய வகுப்பில் பெண்கள் இருக்கவில்லை. பெண்களுக்கென இணுவிலில் மக்லியோட் வைத்தியசாலை வந்தது 1898இல்தான். அவர் போன பின்பு தமிழ் வழி மருத்துவக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவும் இல்லை. ஒரு மனிதரின் பிடிவாதத்தில் நின்றது, அவர் இல்லாதபோது தளர்ந்துபோனது.

யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் 1978இல் வந்தது. அதன் மாணவர்கள் இன்றைக்கும் 1850இல் தொடங்கிய அதே வைத்தியசாலையில்தான் நோயாளியின் கட்டிலருகே படிக்கிறார்கள். யுத்த காலத்தில் வைத்தியர்கள் போதாமல், மருந்துகள் வராமல் இருந்தபோது, கொஞ்சம் படித்தவர்களும் பயிற்சி பெற்ற தொண்டர்களும்தான் எத்தனையோ உயிர்களைத் தாங்கிப் பிடித்தார்கள். அந்த நாட்களைக் கண்ட எங்களுக்குக் கிறீனின் வகுப்பு ஏதோ பழங்கதையாகத் தோன்றாது.

இன்று பல்கலைக்கழகங்களில் சமூக சேவை என்றால் ஒருநாள் சிரமதானம், ஒரு படம், ஒரு சான்றிதழ் என்று முடிந்துவிடுவதும் உண்டு. 170 ஆண்டுகளுக்கு முன் மானிப்பாயில் அதைவிடக் கடினமான வழி இருந்தது. படிக்கிற பாடம் எதுவோ, அதையே ஊருக்குக் கொண்டுபோய்ச் செய்து பார்ப்பது. கணக்கியல் படிக்கும் பிள்ளை கடற்றொழிலாளர் சங்கத்தின் கணக்கைப் பார்க்கலாம். சட்டம் படிக்கும் பிள்ளை காணியுறுதி தொலைத்த குடும்பத்துக்கு விண்ணப்பம் எழுதலாம். உளவியல் படிக்கும் பிள்ளை, காணாமற்போன மகனுக்காகக் காத்திருக்கும் தாயின் பக்கத்தில் இருந்து, அவர் சொல்வதைக் கேட்கலாம்.

படித்தவர்கள் ஊரை விட்டுப் போகிறார்கள் என்ற கவலை கிறீனுக்கும் இருந்தது. போகாதே என்று தடுப்பதைவிட, படிக்கும் காலத்திலேயே ஊரோடு பிணைத்துவிடுவதைத்தான் அவர் நம்பினார். அந்த நம்பிக்கை முழுதாகப் பலிக்கவில்லை. ஆனால் ஊரிலேயே தங்கிய அந்தச் சிலரால்தான் பல கிராமங்களுக்கு முதன்முதலாக ஒரு வைத்தியர் கிடைத்தார்.