கண்ணளவை எழுத்தாக்கிய மீனாட்சி அம்மாள்

புளி ஓர் எலுமிச்சம்பழ அளவு. மிளகாய் நாலைந்து. பெருங்காயம் ஒரு சிட்டிகை. உப்பு ருசிக்குத் தக்கபடி.

பாட்டிமார் சொல்லும் சமையல் கணக்கு இதுதான். பாட்டி பக்கத்தில் நிற்கும் வரை இந்தக் கணக்கு தப்பாது. கை தவறினால் அவள் தடுப்பாள். பதம் வந்ததும் இறக்கச் சொல்வாள்.

பாட்டி ஓர் ஊரிலும் பேத்தி வேறோர் ஊரிலும் இருந்தால் என்ன ஆகும்? எலுமிச்சம்பழம் பெரியதா, சிறியதா என்று யாரைக் கேட்பது? குழம்பை வாயில் வைக்க முடியாது!

இந்தச் சங்கடத்தைத் தீர்த்து வைத்தவர் எஸ். மீனாட்சி அம்மாள். ‘சமைத்துப் பார்’ என்ற புகழ் பெற்ற நூலை எழுதியவர் அவரே.

இளமையில் துயரம்

மீனாட்சி அம்மாள் 1905-ம் ஆண்டு பிறந்தார். இளம் வயதிலேயே கணவரை இழந்தார். அப்போது அவருடைய மகன் சிறு பிள்ளை.

அந்தக் காலத்தில் கணவரை இழந்த பெண்ணின் நிலை பரிதாபமானது. கல்யாண வீட்டில் அவள் முன்னால் வந்து நிற்கக் கூடாது. மணமக்களுக்கு ஆரத்தி எடுக்கக் கூடாது. ஊருக்கெல்லாம் சமைத்துப் போடலாம். சபையில் மட்டும் இடம் கிடையாது.

மீனாட்சி அம்மாள் மூலையில் முடங்கிவிடவில்லை. குடும்பப் பொறுப்பை ஏற்றார். அவருடைய சமையலின் கைமணம் உறவினர் வீடுகளில் எல்லாம் பேசப்பட்டது.

கடிதமே பாடம்

காலம் மாறிக்கொண்டிருந்தது. உத்தியோகத்தின் பொருட்டுத் தமிழ்க் குடும்பங்கள் டில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் குடியேறின. புதுப் பெண்கள் கணவனோடு ரயில் ஏறினார்கள். கற்றுக் கொடுக்க மாமியாரும் இல்லை, தாயும் இல்லை.

உறவுக்காரப் பெண்கள் மீனாட்சி அம்மாளுக்குக் கடிதம் எழுதிப் பக்குவம் கேட்டார்கள். அவரும் சலிக்காமல் எழுதி அனுப்பினார். குடும்பப் பெரியவர் கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் இதைக் கவனித்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதைவிடப் புத்தகமாகவே எழுதிவிடும்படி யோசனை சொன்னார்.

அளவு எப்படி வந்தது?

சொல்வதற்கு எளிது. செய்வதற்குக் கடினம். பிடி அரிசி என்றால் யார் கைப்பிடி? கரண்டி என்றால் எந்த வீட்டுக் கரண்டி? கண்ணும் கையும் பழகிய பழக்கத்தை எழுத்தில் கொண்டுவர வேண்டும்.

அந்த நாளில் அரிசி, பருப்பு முதலியவற்றைப் படியால் அளந்தார்கள். 8 ஆழாக்கு சேர்ந்தால் ஒரு படி. எடைக்குத் தோலாவும் பலமும் உண்டு. 3 தோலா ஒரு பலம். இன்றைய கணக்கில் ஒரு பலம் சுமார் 35 கிராம்.

மீனாட்சி அம்மாள் இந்த அளவுகளைக் கொண்டே எழுதினார். இத்தனை ஆழாக்குப் பருப்பு, இத்தனை பலம் வெல்லம் என்று கணக்காகக் குறித்தார்.

அளவு மட்டும் போதுமா? போதாது. புது அரிசிக்குத் தண்ணீர் குறைவாக வேண்டும். பழைய அரிசிக்கு அதிகம் வேண்டும். புதுப் புளியும் பழம் புளியும் ஒரே புளிப்பு அல்ல. ஆகவே எதை முதலில் போடுவது, எதைப் பின்னால் போடுவது, எந்தப் பதத்தில் இறக்குவது என்பதையும் விளக்கினார். பக்கத்தில் நின்று பாட்டி சொல்ல வேண்டியதைப் புத்தகமே சொல்லிற்று!

1951-ல் முதல் பாகம்

1951-ம் ஆண்டு ‘சமைத்துப் பார்’ முதல் பாகம் வெளிவந்தது. தம் சொந்தப் பொறுப்பிலேயே அதை அவர் வெளியிட்டார். குழம்பு, ரசம், கறி, ஊறுகாய், பட்சணம் என்று மரக்கறிச் சமையல் முழுவதும் அந்த நூல் வரிசையில் இடம் பெற்றது. பின்னால் வந்த பாகங்களில் பண்டிகைகளுக்கும் கல்யாணத்துக்கும் உரிய முறைகளையும் எழுதினார். தமிழ் தெரியாதவர்களுக்காக ஆங்கிலத்திலும் நூல் வந்தது.

படியும் பலமும் வெகுநாள் நிலைக்கவில்லை. 1956-ல் புதிய எடை அளவுச் சட்டம் பிறந்தது. 1958 முதல் கிலோகிராம் புழக்கத்துக்கு வந்தது. ஆழாக்கும் தோலாவும் கடைத்தெருவை விட்டு மெல்ல மறைந்தன. ஆனால் நூல் மறையவில்லை. பிந்தைய பதிப்புகளில் புதிய அளவுகள் சேர்ந்தன. எத்தனை என்று தெளிவாக எழுதி வைத்ததால்தான் அப்படி மாற்ற முடிந்தது. ருசிக்குத் தக்கபடி என்பதை எந்தத் தராசில் நிறுப்பது?

1962-ல் மீனாட்சி அம்மாள் காலமானார்.

சீர்வரிசையில் ஒரு புத்தகம்

அவர் மறைந்த பின்னும் புத்தகம் பதிப்புக்கு மேல் பதிப்பாக வந்தது. கல்யாணச் சீர்வரிசையில் குத்துவிளக்கோடும் வெண்கலப் பானையோடும் அதுவும் சேர்ந்தது. லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போன பெண்கள் பெட்டியில் புடவைக்கு நடுவே அதை வைத்து எடுத்துச் சென்றார்கள்.

கணவரை இழந்தவள் மணப்பந்தலில் முன்னால் வரக் கூடாது என்றது அந்தக் காலத்து ஊர் வழக்கம். அப்படிப்பட்ட ஒருவர் எழுதிய புத்தகத்தையே மங்கலப் பொருளாக மணப்பெண்ணின் கையில் கொடுத்து அனுப்பினார்கள் ஆயிரமாயிரம் தாய்மார்கள்!