குபேரும் அவர் கட்சியும்

கோட்டுச்சேரிமேட்டில் என் தாத்தா உயிரோடிருந்தவரை, பிரெஞ்சுக்காரன் காலத்துப் பேச்சை எடுத்தால் இரண்டு பெயர்களில்தான் வந்து நிற்பார். ஒன்று வ. சுப்பையா, மற்றொன்று எதுவார் குபேர். முன்னவர் பெயரைச் சொல்லும்போது குரல் உயரும். பின்னவர் பெயர் வந்ததும் வெற்றிலையை மடிக்கத் தொடங்கிவிடுவார். அந்தத் தயக்கத்தின் காரணத்தைத் தேடிப் படித்தபோதுதான் நம் மண்ணில் ஒரு கட்சி எழுந்து மறைந்த கதை எனக்கு விளங்கிற்று.

குபேர் 1894-ஆம் ஆண்டு புதுச்சேரியில் பிறந்தவர். நீதிமன்ற அலுவலில் இருந்து அரசியலுக்கு வந்து, 1947-இல் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கினார். பெயரில் சோஷலிசம் இருந்தது. பலமோ பிரெஞ்சு நிர்வாகத்தின் ஆதரவில் இருந்தது. இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்று மக்களைக் கேட்கும் வாக்கெடுப்பை எப்படி, எப்போது நடத்துவது என்பதை நகராட்சி மன்றங்களே முடிவு செய்ய வேண்டுமென்று 1948-இல் ஏற்பாடாயிற்று. ஆகவே அவ்வாண்டு அக்டோபர் நகராட்சித் தேர்தல் வெறும் உள்ளூர்த் தேர்தலன்று. அடிதடியும் மிரட்டலும் மலிந்த அத்தேர்தலில் குபேர் கட்சியே பெருவெற்றி பெற்றது. 1951-இல் பாரிசு நாடாளுமன்றத் தேர்தலில் பதிவான வாக்குகள் ஏறத்தாழ முழுவதும் அவருக்கே விழுந்தன என்றால், எதிர்த்து நிற்கவும் எதிர்த்து வாக்களிக்கவும் எவ்வளவு இடமிருந்தது என்பதை நண்பர்களே எண்ணிப் பாருங்கள்! சட்டப்படி பல கட்சிகள் உண்டு. நடப்பில் ஆண்டது ஒன்றுதான்.

இதற்கிடையே இந்திய அரசின் சுங்கக் கெடுபிடி இறுகியது. நான்கு புறமும் தஞ்சை மாவட்டமும் கடலுமாகச் சூழ்ந்த காரைக்காலுக்கு அது மூச்சை அடைப்பதுபோல் இருந்தது. குபேர்மீது விசாரணை வரும் நிலையும் உருவாயிற்று. 1954 மார்ச்சில் அவரும் அவர் கட்சியினரும் வாக்கெடுப்பே தேவையில்லை, உடனே இணைய வேண்டும் என்று தீர்மானம் போட்டனர். அம்மாத இறுதியில் நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசும் அமைந்தது. ஆறாண்டுகள் இணைப்பைத் தடுத்து நின்ற கை, ஒரே மாதத்தில் கதவைத் திறந்துவிட்டது.

அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தனர். என் தாத்தாவைப் போன்றோரிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைமாறியது. அதன்பின் சோஷலிஸ்ட் கட்சிக்கு வேலையே இல்லை. குபேரும் காங்கிரசில் சேர்ந்தார். 1963 ஜூலையில் புதுவையின் முதல் முதலமைச்சரானார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் பதவி விலகினார். 1979-இல் காலமானார்.

புதுவைக் கடற்கரைச் சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. முதன்முறை அங்கே நடந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது தாத்தா மடித்த வெற்றிலைதான்.