சட்டமன்றத்திற்குச் சென்ற மருத்துவர்

நம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் என்ன செய்தார் என்று யாராவது கேட்டால், பேருந்து நிழற்குடை, தண்ணீர்த் தொட்டி, சிமெண்ட் சாலை என்று விரல்விட்டு எண்ணிச் சொல்வோம். அவற்றின் மேல் அவரது பெயரும் பெரிய எழுத்தில் இருக்கும். இவையெல்லாம் தேவையானவைதாம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவர் எந்தச் சட்டத்தின்மேல் பேசினார், எந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார் என்று நாம் கேட்பதே இல்லை. இன்றைக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர், சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் மூன்றரை ஆண்டு அமர்ந்திருந்து, அதைவிட்டு வெளியேறியதும், தாம் அங்கே செய்தது என்ன, செய்ய முடியாமற்போனது என்ன என்று மக்களுக்குக் கணக்கு ஒப்புவிப்பதுபோல 1930-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதி வெளியிட்டார் ஒரு பெண்மணி. அவர்தான் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி.

அவரைப் பற்றி நம் பாடநூல்களில் இரண்டு வரி உண்டு. தேவதாசி முறையை ஒழித்தவர், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவர். இரண்டும் சரியே. ஆனால் அந்த முதல் வரிக்குள் இருபது ஆண்டுக் காலமும், ஒரு பெரிய மனவேதனையும் அடங்கியிருக்கின்றன. அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், கோவிலுக்குப் பொட்டுக்கட்டும் மரபில் வந்த இசைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இந்தத் திருமணத்தால் தந்தை தம் உறவினரின் புறக்கணிப்புக்கு ஆளானார். தாயின் உறவினர் வீடுகளில் சிறுமிகளின் வாழ்வு எப்படி முடிவு செய்யப்படுகிறது என்பதை முத்துலட்சுமி சிறுவயதிலேயே கண்டார். பின்னாளில் மன்றத்தில் அவர் எழுந்து பேசியபோது, புத்தகத்தில் படித்ததைப் பேசவில்லை, தம் அன்னையின் வீட்டைப் பற்றித்தான் பேசினார் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது. அன்றைய மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். 1914-இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பத்திற்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று மணமகள் நிபந்தனை விதித்து, மணமகன் அதை ஏற்றுக்கொண்ட திருமணம் அது. 1914-இல்! நம் பங்குகளில் திருமணப் பேச்சுக்கு வருபவர்களின் நிபந்தனைகளை இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். பெரும்பாலும் அவை பவுன் கணக்காகவே இருக்கின்றன.

மகப்பேறு மருத்துவராக நல்ல பெயரோடு தொழில் நடத்திவந்தவர் அரசியலுக்கு வந்தது தாமாக விரும்பி அன்று. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921-இல் வாக்குரிமை கிடைத்தது. ஆனால் உறுப்பினராக அமரும் உரிமைக்கு 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்தியாய சிறிய வாக்கு வேறுபாட்டில் தோற்றார். தேர்தல் வழியாகப் பெண் எவரும் உள்ளே வர முடியாத நிலையில், இந்திய மாதர் சங்கத்தின் பரிந்துரைப்படி அரசு முத்துலட்சுமியை நியமித்தது. மருத்துவப் பணி கெட்டுவிடுமே என்று அவர் முதலில் தயங்கினார். உறுப்பினரான சிறிது காலத்திலேயே, 1927-இல், மன்றம் அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

மன்றத்தில் அவர் எடுத்துப் பேசிய பொருள்களைப் பார்த்தால், மருத்துவர் ஒருவரின் நோயாளிக் குறிப்பேட்டைப் புரட்டுவதுபோல் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை, ஏழைப் பெண்பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை, முஸ்லிம் மாணவியருக்கு விடுதி, தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண்களுக்கு உதவித்தொகை. 1928-இல் திருமண வயதைப் பெண்ணுக்கு 16 ஆகவும் ஆணுக்கு 21 ஆகவும் உயர்த்த வேண்டும் எனத் தீர்மானம் கொண்டுவந்தார். குழந்தைப் பருவம் கடவாத தாய்மார்களைப் பிரசவ அறையில் கண்டவர் அவர். அடுத்த ஆண்டு மத்தியில் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் வயதை 14 என்றுதான் வைத்தது. இதே ஆண்டுகளில் நாட்டின் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவிலும் ஒரே பெண் உறுப்பினராக இருந்து உழைத்தார்.

இனித் தேவதாசிச் சட்டத்திற்கு வருவோம். 1927 நவம்பரில், சிறுமிகளைக் கோவிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் கொண்டுவர வேண்டும் என்று அரசைக் கேட்கும் தீர்மானத்தை முன்வைத்தார். தீர்மானம் நிறைவேறியது. தீர்மானம் என்பது பரிந்துரை மட்டுமே. அரசு தானாக அசையாது என்று கண்டவர், தாமே சட்டத் திருத்தம் ஒன்றை எழுதிக்கொண்டுவந்தார். இந்த இடத்தில்தான் அவர் எவ்வளவு நுணுக்கமாகச் சிந்தித்தார் என்பது விளங்குகிறது.

கோவிலில் பணிசெய்யும் பெண்களுக்கு ஊதியமாக மானிய நிலம் கொடுக்கப்பட்டிருந்தது. பணி தொடர்ந்தால்தான் நிலம் தொடரும். ஒருத்தி முதுமையடைந்தால் அவளுக்குப் பின் பணிசெய்ய இன்னொருத்தி வேண்டும். ஆகவே குடும்பத்திலுள்ள ஒரு சிறுமிக்கு, சொந்த மகளோ தத்தெடுத்த மகளோ, பொட்டுக்கட்டியாக வேண்டும். இல்லையேல் வயிற்றுப்பாட்டுக்கு வழியான நிலம் கைவிட்டுப் போகும். பக்தி, மரபு என்று எவ்வளவு பேசினாலும், அடியில் இருந்த முடிச்சு இதுதான். வெறுமனே வழக்கத்தைத் தடைசெய்தால் அந்தக் குடும்பங்கள் நிலத்தை இழந்து தெருவில் நிற்கும். எனவே அவரது திருத்தம் நிலத்தையும் பணியையும் பிரித்தது. நிலம் அந்தப் பெண்களுக்கே இருக்கும், அதற்கு வரி செலுத்தினால் போதும், கோவிலில் பணிசெய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. 1929-இல் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் திருத்தமாக இது நிறைவேறியது. தடை, தண்டனை என்ற சொற்கள் இல்லாததால் வரலாற்று நூல்கள் இதை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. நம் எண்ணத்தில், அவர் செய்தவற்றுள் மிகவும் கருணையுள்ள செயல் இதுவே.

எதிர்ப்பு பல திசைகளிலிருந்து வந்தது. மதத்தில் கைவைக்கிறார் என்றார்கள், கலை அழிந்துவிடும் என்றார்கள். இவை எதிர்பார்த்தவையே. ஆனால் எதிர்ப்பில் முன்னின்றவர்களுள் அந்தப் பெண்களே இருந்தார்கள் என்பதை நாம் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். திருவையாற்றில் தியாகராஜருக்கு நினைவாலயம் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரும் கலைஞர்கள் சங்கமாகக் கூடி அரசுக்கு விண்ணப்பம் அளித்தார்கள். நாங்கள் கல்வியும் இசையும் கற்றவர்கள், சொத்துரிமை உடையவர்கள், எங்களை விலைமாதரோடு சேர்த்து எண்ணுவது எங்கள் மானத்தைக் கெடுப்பது என்பது அவர்கள் வாதம். மற்றக் குடும்பங்களின் பெண்களுக்கு எழுத்தும் சொத்தும் எட்டாதிருந்த காலத்தில் அது பொய்யான வாதம் அன்று. மறுபக்கத்தில் அதே மரபிலிருந்து வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று இந்த வழக்கத்திற்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தார்.

முத்துலட்சுமி அம்மையார் அந்த எதிர்க்குரலுக்குப் போதிய அளவு செவிசாய்த்தாரா? இல்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. மருத்துவர்களிடம் காணும் குறை ஒன்று அவரிடமும் இருந்தது. நோயைக் கண்டுபிடித்த பிறகு நோயாளி சொல்வதை அவ்வளவாகக் கேட்பதில்லை. நடனத்தையும் பாட்டையும் தந்த பெண்கள் ஒதுங்கிப்போக, அதே கலை பிற சமூகத்துப் பெண்களின் மேடைக்கு மதிப்போடு ஏறியது என்பது இன்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டும் உண்மை. ஆயினும் எட்டு வயதுச் சிறுமியின் சம்மதத்தை எவரும் கேட்டதில்லை என்பதும் உண்மையே. பெரிய கலைஞர்களுக்கு விண்ணப்பம் எழுத முடிந்தது. அந்தச் சிறுமிக்காக எழுதுவோர் எவரும் இல்லை. இரண்டையும் எடைபோட்டால், நாமும் அம்மையாரின் பக்கமே நிற்போம். ஆனால் மனம் முழுமையாகச் சமாதானம் அடையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

நேர்ந்துவிடுதலையே குற்றமாக்கும் மசோதாவை அவர் 1930-இல் கொண்டுவந்தார். அது மக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடப்பட்டது. அதே ஆண்டில்தான் விபசார விடுதிகளை ஒடுக்கும் சென்னைச் சட்டமும் நிறைவேறியது. அதற்காகவும் அவர் பெரிதும் உழைத்தார். மே மாதத்தில், உப்புச் சத்தியாகிரகத்தை நடத்திய காந்தியடிகள் கைதானார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி தம் உறுப்பினர் பதவியைத் துறந்தார். தம் கையில் வளர்ந்த மசோதா பாதி வழியில் நிற்கிறது, தாம் போய்விட்டால் அதைத் தூக்கிப்பிடிக்க ஆளில்லை என்பதை அறிந்தே அவர் வெளியேறினார். மசோதா காலாவதியானது. இருந்து முடித்திருக்கலாமே என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் அரசு நியமித்த இருக்கையில் இருந்துகொண்டு, அந்த அரசின் செயலைக் கண்டும் காணாததுபோல் இருக்க அவர் மனம் ஒப்பவில்லை.

அந்த ஆண்டில் இன்னொரு நிகழ்ச்சியும் நடந்தது. பொட்டுக்கட்டும் குடும்பங்களிலிருந்து தப்பிவந்த இளம்பெண்கள் சிலர் அம்மையாரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளும்படி நகரிலிருந்த மாணவியர் விடுதிகளைக் கேட்டார். இன்ன சாதியினருக்கு மட்டும் என்ற விடுதியும் மறுத்தது, மற்றவர்களுக்கான விடுதியும் மறுத்தது. சட்டத்தை வரவேற்றுப் பேசிய அதே நகரம், அந்தச் சட்டம் காக்க விரும்பிய பெண்களுக்கு ஒரு பாய் விரிக்க இடம் தரவில்லை. அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார் அம்மையார். அவ்வை இல்லம் தொடங்கியது இப்படித்தான். படிப்பு, நெசவு, தையல், செவிலியர் பயிற்சி, ஆசிரியப் பயிற்சி என அங்கு வந்த பெண்கள் தம் கால்களில் நிற்கத் தேவையானவற்றுக்கு வழிசெய்யப்பட்டது. சில ஆண்டுகளில் இல்லம் அடையாற்றுக்கு இடம்பெயர்ந்தது.

பொட்டுக்கட்டுவதைக் குற்றமாக்கும் சட்டம் 1947-ஆம் ஆண்டு அக்டோபரில்தான் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. முதல் தீர்மானத்திற்கும் இதற்கும் இடையே இருபது ஆண்டுகள். அன்று முத்துலட்சுமிக்கு வயது 61. அந்த மன்றத்தில் அவருக்கு இருக்கை இல்லை.

அதற்குள் அவரது கவனம் வேறொன்றின்மேல் திரும்பியிருந்தது. உண்மையில் அது பழைய காயம். 1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். மருத்துவராக இருந்தும் தங்கையின் வலியைத் தணிப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை. பின்னர் மேற்படிப்பிற்காக இலண்டன் சென்றபோது அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனையைக் கண்டார். 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், இங்கும் அப்படியொன்று வேண்டும் என்று கேட்டார். எவரும் செவிசாய்க்கவில்லை. நாடு விடுதலையடைந்த பின்னும் அரசின் கதவு எளிதில் திறக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் வீடு வீடாக நிதி திரட்டினார்கள். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் நாள் அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பட்டது. அம்மையாரின் மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். 1955-இல் இளம் மருத்துவராக வந்து சேர்ந்த சாந்தா, 2021-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். சொந்த ஊர்களிலிருந்து மஞ்சள் பையில் மருத்துவக் குறிப்புகளைச் சுமந்துகொண்டு அடையாற்றுக்குப் போய்வந்தவர்கள் நம் பங்கு மக்களிலும் எத்தனையோ பேர்.

1956-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22-ஆம் நாள், 82-ஆவது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கையில், அவர் காலமானார். அவரது பிறந்தநாளைத் தமிழக அரசு 2019 முதல் மருத்துவமனை நாளாகக் கொண்டாடுகிறது. ஏழைத் தாய்மார்களுக்கான மகப்பேறு நிதியுதவித் திட்டமும் அவர் பெயரில்தான் இருக்கிறது.  அவ்வை இல்லம் இப்போதும் அடையாற்றில் இருக்கிறது. காலையில் பள்ளி மணி அடிக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் போனால், சீருடையில் பெண்பிள்ளைகள் உள்ளே ஓடுவதைப் பார்க்கலாம்.