நாணயச் செல்வர் எலியட் துரை

தமிழில் நாணயம் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கையில் வழங்கும் காசும் நாணயம். நேர்மை தவறாத ஒழுக்கமும் நாணயம். இவ்விரண்டனையும் ஒருங்கே போற்றி வாழ்ந்த பெரியோர் ஒருவரின் வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் கூறுவாம். அவர்தாம் ஸர் வால்டர் எலியட் என்பார். தென்னாட்டின் பழங்காசுகளை ஆராயப் புகுவோர் எவரும் அவர் பெயரைக் கூறாமல் மேற்செல்லுதல் இயலாது.

எலியட் 1803-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் ஸ்காத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் பிறந்தார். கிழக்கிந்தியக் கும்பினியார் தம் உத்தியோகஸ்தரைப் பயிற்றுவித்த ஹெய்லிபரிக் கல்லூரியில் கற்றுத் தேறி, பதினெட்டு வயதளவில் சென்னை வந்து சேர்ந்தார். இங்கே செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் இந்நாட்டு மொழிகளைப் பயின்றார். நாட்டு மொழியைக் கற்பது உத்தியோகத்திற்கு ஒரு படி என்றெண்ணி, அப்படியைத் தாண்டியவுடன் அதனை மறந்துவிடுவார் பலர். எலியட்டோ, மொழியைக் கருவியாகக் கொண்டு மக்களின் பழமையை அறியத் தலைப்பட்டார்.

சேலத்தில் சிறிது காலம் பணியாற்றிய பின்னர், அவர் தார்வாடப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். 1824-ஆம் ஆண்டு அக்டோபரில் கித்தூரில் கும்பினியாருக்கும் இராணி சென்னம்மாவின் படைக்கும் போர் மூண்டது. கலெக்டர் தாக்கரே அப்போரில் உயிர் துறந்தார். எலியட்டும் ஸ்டீவன்ஸன் என்னும் மற்றோர் உத்தியோகஸ்தரும் சிறைப்பட்டனர். சில வாரங்களுக்குப் பின் விடுவிக்கப்பட்ட எலியட், அந்நாட்டை வெறுத்து நீங்கினாரல்லர். 1833 வரை அப்பகுதியிலேயே இருந்து, கன்னடக் கல்வெட்டுக்களை இந்நாட்டுப் புலவர் துணையால் படித்துப் படியெடுத்தார். அவர் தொகுத்த சாசனப் படிகள் 595. சாளுக்கிய வேந்தரின் வரலாறு முறையாக எழுதப்படுதற்கு அத்தொகுதி கால்கோளாயிற்று.

பின்னர்ச் சென்னைக் கவர்னராய் வந்த எல்பின்ஸ்டன் பிரபுவுக்கு அந்தரங்கக் காரியதரிசியாகவும், வருவாய்ச் சபையின் உறுப்பினராகவும், 1845 முதல் 1854 வரை வடசர்க்கார் ஜில்லாக்களின் கமிஷனராகவும் அவர் விளங்கினார். 1845-இல் அமராவதியில் அவர் அகழ்ந்தெடுத்த பௌத்தச் சிற்பங்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் பொருட்காட்சிச் சாலையில் உள்ளன. செடி கொடிகளையும் விலங்குகளையும் ஆராய்ந்தமையின், மூங்கில் அணத்தான் என்று தமிழர் வழங்கும் சிறு பிராணிக்கு விஞ்ஞானிகள் சூட்டிய பெயரில் எலியட்டின் பெயர் நிலைத்துள்ளது. டார்வினுக்கும் அவர் இந்நாட்டுப் புறாக்களின் தோல்களைச் சேகரித்து அனுப்பினார். 1858-ஆம் ஆண்டு நவம்பரில் விக்டோரியா மகாராணியாரின் பிரகடனம் சென்னையில் வாசிக்கப்பட்ட பொழுது, கவர்னர் நோயுற்றிருந்தமையால், ஆலோசனைச் சபையின் மூத்த உறுப்பினர் என்னும் முறையில் அச்சடங்கை முன்னின்று நடத்தியவரும் இவரே. கும்பினியார் பெயர் தாங்கிய ரூபாய் மறைந்து, 1862 முதல் மகாராணியார் பெயர் மட்டும் தாங்கிய ரூபாய் வழங்கலாயிற்று. நாணயங்களை ஆராய்ந்த ஒருவர், நாணயத்தின் முகமே மாறுதற்குக் காரணமான நிகழ்ச்சியில் பங்கு கொண்டமை வியக்கத் தக்கதன்றோ!

இனி, அவரது நாணயத் தொண்டினை நோக்குவோம். அவர் இந்நாட்டிற்கு வருமுன்பே, 1818-இல், சென்னை இராஜதானியில் வராகன் முதன்மை இழந்து ரூபாய் அதன் இடத்தைப் பெற்றது. அதற்கு முன் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று மக்கள் கணக்கிட்டு வந்தனர். மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன் என்று விகிதம் வகுக்கப்பட்டது. 1835-இல் நான்காம் வில்லியம் மன்னரின் தலை பொறித்த ஒரே வகை ரூபாய் கும்பினியாரின் ஆட்சிப் பகுதி எங்கும் வழங்கத் தொடங்கிற்று. புதுக் காசு வரவரப் பழங்காசு உருக்கப்படும். தட்டான் கையில் பொன் வராகன் தாலிக் குண்டாகும். கன்னான் கையில் செப்புக்காசு செம்பாகும். உலோகத்திற்கு அழிவில்லை. அதன்மேல் இருந்த அரசன் பெயரும் இலச்சினையும் மட்டும் என்றென்றைக்கும் ஒழிந்துபோம். இவ்வழிவை எலியட் கண்ணெதிரே கண்டார். எழுத்தறிந்தார் இல்லாத ஓர் ஏட்டுச் சாலை தீப்பற்றி எரிவது போல்வது அது.

செங்கற்பட்டுச் சீமையின் கடற்கரையை அறிந்தார்க்கு இது நன்கு விளங்கும். மாமல்லபுரத்திற்குத் தெற்கே, ஒல்லாந்தர் கோட்டை நிற்கும் சதுரங்கப்பட்டினமும், அதனை அடுத்துப் புதுப்பட்டினமும் உள்ளன. பாலாறு கடலொடு கலக்கும் பக்கத்தே வசவசமுத்திரம் என்னும் சிற்றூரில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 1969-70-இல் அகழ்ந்த பொழுது, உரோம நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகளும் உறைகிணறுகளும் வெளிப்பட்டன. இன்னும் தெற்கே, ஆலம்பரைக் கோட்டையில் நவாபுகள் காலத்து நாணயசாலை இருந்தது. பட்டினம் என்று பெயர் பெற்ற ஊர்கள் நிறைந்த இக்கரையில் மணலும் ஒரு பொக்கிஷமே.

அப்பொக்கிஷத்தை முதலில் திறந்தவர் எலியட் அல்லர். கடற்கரைக் குப்பங்களின் பெண்டிரும் சிறுவருமே. நெல்லூர் முதல் கடலூர், புதுச்சேரி வரையிலும், பெருங்காற்று வீசி ஓய்ந்த பின்னும் கனமழை பெய்த பின்னும் அவர்கள் மணல்மேடுகளை நாடிச் செல்வர்; உடைந்த மணிகளையும் கண்ணாடித் துண்டுகளையும் வெண்கலச் சிதறல்களையும் பொறுக்குவர்; அவற்றிடையே மெல்லிய செப்புக்காசுகளும் கிடைக்கும். அக்காசுகள் கடைத்தெருவில் விலையாகிக் கன்னான் உலைக்குப் போய்ச் சேரும். இச்செய்தியை எலியட் தம் நூலில் விளக்கமாக எழுதி வைத்துள்ளார். காசை மட்டும் எடுத்துக்கொண்டு, எடுத்தவரையும் எடுத்த இடத்தையும் மறந்துவிடும் சேகரிப்பாளர் பலர். எலியட் காசோடு அதன் ஊரையும் காத்தார்.

அவ்வாறு கிடைத்த காசுகளில் ஒன்று மிகப் புகழ் பெற்றது. அதன் ஒரு புறத்தில் இரண்டு பாய்மரங்கள் கொண்ட கப்பல் பொறிக்கப்பட்டுள்ளது. இத்தகைய காசு சோழமண்டலக் கரையிலே கிடைத்தமையால், அது குறும்பர் அல்லது பல்லவருடையதாகலாம் என்று எலியட் கருதினார். மாமல்லபுரத்துக் கல்வெட்டுக்களையும் அவர் ஆராய்ந்து எழுதியவராதலின், அவர் கருத்து பல்லவர்பாற் சென்றது இயல்பே. அவருக்குப் பின் வந்தோர், 1908-இல் ராப்ஸன் வெளியிட்ட ஆந்திர மரபின் நாணய அட்டவணை முதலாக, அக்காசு பல்லவர்க்கும் முற்பட்ட சாதவாகன மன்னர் காலத்தது எனத் துணிந்தனர். எலியட்டின் முடிவு நிற்கவில்லை. அவர் தந்த சான்று நின்றது. காசின் வடிவும் அது கிடைத்த நிலப்பரப்பும் செம்மையாகக் குறிக்கப்பட்டிருந்தமையாலன்றோ, பிறர் அவர் கருத்தைத் திருத்துதல் எளிதாயிற்று! தம் கருத்து மாற்றப்படினும் உண்மைக்கு இழுக்கு நேராதபடி எழுதிவைத்தலே ஆராய்ச்சியாளரின் நாணயம்.

எலியட் 1860-இல் உத்தியோகத்தினின்று விலகி, ஸ்காத்லாந்தில் தம் குடும்ப இருப்பிடமாகிய உல்ப்லீ என்னும் மாளிகையில் வாழ்ந்தார். 1866-இல் ஸர் பட்டம் பெற்றார். முதுமையில் அவர் கண்ணொளி மங்கி, ஏறக்குறைய முற்றும் இழந்த நிலையை எய்தினார். வாழ்நாளெல்லாம் நுண்ணிய எழுத்துக்களைக் கூர்ந்து நோக்கிய கண்களுக்கு நேர்ந்த துன்பம் அது. எனினும் அவர் ஓய்ந்தாரில்லை. எண்பது வயதைக் கடந்து, பார்வை குன்றிய அந்நிலையிலேயே, தென்னிந்திய நாணயங்களைப் பற்றிய தம் பெருநூலை முடித்தார். அது 1886-இல் லண்டனில் வெளிவந்தது. சாளுக்கியரின் பன்றி இலச்சினையும், சோழரின் புலியும், பாண்டியரின் கயலும், சேரரின் வில்லும் அந்நூலிலே அணிவகுத்து நிற்கின்றன.

1887-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அன்று காலையில் அவர் செய்த ஒரு செயல் தமிழர் நெஞ்சை உருக்குவது. தமிழ்ப் பேரறிஞராகிய டாக்டர் போப்புக்கு அவர் ஒரு கடிதம் சொல்லி எழுதுவித்துத் தம் கையாலேயே ஒப்பமிட்டார். போப்பின் திருக்குறட் பதிப்பைப் பற்றி அறிந்து மகிழ்ந்ததைத் தெரிவித்து, முன்னாளில் எல்லிஸ் துரை மொழிபெயர்த்து வைத்திருந்த தமிழ் நூற்பகுதிகளின் கையெழுத்துப் படிகள் அவருக்குப் பயன்படுமா என்று அதிலே வினவினார். மாலையில் அமைதியாக உயிர் நீத்தார்.

பெயர் ஒத்திருத்தலால் இருவரையும் ஒருவரென மயங்கலாகாது. பிரான்ஸிஸ் வைட் எல்லிஸ் என்பவர் சென்னைக் கலெக்டராக இருந்து, திருக்குறளில் ஈடுபட்டு, 1819-இல் மறைந்தவர். வள்ளுவர் என்று கருதத்தக்க ஒரு முனிவர் வடிவம் பொறித்த அரிய பொன் நாணயம் ஒன்று உண்டு. அது எல்லிஸ் காலத்தில் சென்னை நாணயசாலையில் அடிக்கப்பட்டது என்பது கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனின் கருத்து. பிரிட்டிஷ் ஆட்சியினர் அடித்த நாணயங்களுள் மன்னர் தலை பொறித்தவை எண்ணிறந்தன. தமிழ்ப் புலவர் ஒருவரை நினைவூட்டும் நாணயமோ அரிதினும் அரிது. நாணயங்களைக் காத்த எலியட், தம் கடைசிக் காலையில் எல்லிஸின் ஏடுகளைக் காக்க முயன்றார் என்பது சிந்திக்கத் தக்கது.

ஒரு மனக்குறை இங்கு எழுதல் இயல்பு. எலியட் தொகுத்த நாணயங்களிற் பல இன்று லண்டன் பொருட்காட்சிச் சாலையில் உள்ளன. நம் மணலிற் பிறந்த காசைக் காண நம் மாணவர் கடல் கடந்து செல்ல வேண்டியிருத்தல் வருந்தத் தக்கதே. ஆயினும் அவை அங்குச் சென்றிராவிடில் கன்னான் உலைக்குச் சென்றிருக்கும் என்பதனையும் மறுத்தல் கூடாது. இரண்டுமே இழப்பு, முன்னதில் அறிவேனும் எஞ்சிற்று. இரண்டனையும் தடுக்கும் வழி, நாம் விழிப்பாயிருத்தலே. 1878-ஆம் ஆண்டின் புதையற் சட்டப்படி, நிலத்திற் புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதாயின் கலெக்டருக்கு அறிவித்தல் கடமை. சட்டத்தினும் பெரிது, அறிந்து போற்றும் மனம்.

மாணவ நண்பர்களே! அரிய நாணயங்களைச் சேர்ப்பதற்குச் செல்வர்களாற்றான் இயலும் என்று எண்ணற்க. பாட்டன் பெட்டியிற் கிடக்கும் கும்பினிக் காசு ஒன்று போதும். அது எந்த ஆண்டினது, எவ்வூரிற் கிடைத்தது, எவர் கை வழியாக வந்தது என்று ஒரு சிறு தாளில் எழுதி உடன் வைத்தால், அது வரலாறாகும். எழுதாது வைத்தால் அது வெறும் செம்பே. அதனைத் தேய்த்துப் பளபளப்பாக்கலும் வேண்டா. தேய்ப்பிலே எழுத்து அழிந்துவிடும். விலை கூறுவோர் பலர் உளர்; ஊர் கேட்போர் சிலரே. அச்சிலருள் ஒருவராக எலியட் துரை வாழ்ந்தமையாற்றான், இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் நம் கடலில் ஓடிய கப்பலின் வடிவை இன்றும் நாம் காண்கின்றோம்.