திலகவதியாரின் துயரும் திருவருளும்

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே, வேளாண் குலத்துக் குறுக்கையர் குடியில், புகழனார்க்கும் அவர்தம் மனைவியார் மாதினியார்க்கும் மகளாய்த் தோன்றியவர் திலகவதியார். அவ்வூர் இற்றைக்குப் பண்ணுருட்டிக்கு அணித்தாயுள்ளது. அவர் பிறந்து சில ஆண்டுகள் கழிந்தபின் மருணீக்கியார் என்னும் ஆண்மகவு பிறந்தது. அம்மகவே கி. பி. 7-ஆம் நூற்றாண்டில் விளங்கிய திருநாவுக்கரசு சுவாமிகள். சுவாமிகள் சரிதத்தை அறியாத சைவர் இலர். தமக்கையாரையோ அச்சரிதத்தின் முகப்பில் வரும் ஒருவராகக் கருதி விரைந்து கடப்பாரே பலர். யாம் அம்முகப்பிலேயே சிறிது நிற்கக் கருதினோம்.

திலகவதியார்க்குப் பன்னிரண்டு ஆண்டு நிரம்பிய காலத்தே, அரசனிடத்துச் சேனைத் தலைவராயிருந்த கலிப்பகையார் என்பவர்க்கு அவரை மணஞ்செய்து கொடுக்கப் பெற்றோர் இசைந்தனர். மணவினை நிகழுமுன் கலிப்பகையார் அரசன் ஏவலால் வடபுலத்து மன்னரோடு பொரச் சென்றார். போர் நீண்டது. அதனிடையே புகழனார் இறைவனடி சேர்ந்தார். கணவரைப் பிரிந்து வாழலாற்றாத மாதினியாரும் உடன் உயிர் துறந்தார். பெற்றோர்க்குரிய கடன்களைச் செய்து, இரு மக்களும் துயரில் ஆழ்ந்திருந்த அந்நிலையில், கலிப்பகையார் போர்க்களத்தே வீழ்ந்தார் என்னுஞ் செய்தியும் வந்தெய்திற்று.

தந்தையும் தாயும் தம்மை அவர்க்கென்றே நேர்ந்தனராதலின், தம் உயிர் அவர்க்கே உரியதெனத் துணிந்து, அதனை விட முற்பட்டார் அம்மையார். அப்பொழுது இளைய தம்பியார் அவர் அடிகளில் வீழ்ந்து அழுதார். பெற்றோரை இழந்த பின்னும் தாம் உயிர் வைத்திருப்பது தமக்கையாரைப் பெற்றோராகக் காண்டல் பற்றியே என்றும், அவர் நீங்குவரேல் தாம் அவர்க்கு முன்னரே நீங்குவதாகவும் அப்பிள்ளை முறையிட்டது. அம்மையார் இறத்தலை ஒழிந்தார். பொன்னும் மணியும் பூணாது, எல்லாவுயிர்க்கும் அருள் சுரந்து, மனையிலிருந்தே தவம் புரிவாராயினார்.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. அம்மையார் ஆறுதல் பெற்றமையால் வாழத் துணிந்தவரல்லர். துயர் நீங்கிற்று என நூல் கூறவில்லை. தநு கரண புவன போகங்கள் உயிர்க்கு இறைவனால் தரப்பட்டன என்பது சித்தாந்தம். தந்தவன் ஒருவன் உளனாக, அதனை வேண்டாவென எறிதற்கு நமக்கு உரிமை யாது? இதனை அம்மையார் நூல் கற்றுத் தெளிந்தாரோ, தம்பியின் கண்ணீரால் தெளிந்தாரோ, யாம் அறுதியிட்டு உரையேம். தம்பியின் கண்ணீரே நூலாயிற்று என்றல் எமக்கு உவப்பு.

மருணீக்கியார் வளர்ந்தார். தம் குடியில் நேர்ந்த இறப்புக்கள் அவருள்ளத்தே நிலையாமையை ஊன்றின. உள்ள பொருளையெல்லாம் அறச்சாலையிலும் தண்ணீர்ப்பந்தரிலும் சோலை குளங்களிலும் செலவிட்டார். பின் நிலையான பொருளைத் தேடிப் பாடலிபுத்திரம் சென்று, சமணப் பள்ளியிற் சேர்ந்து, அந்நூல்களை முற்றக் கற்றுத் தருமசேனர் எனப் பெயர் பெற்றுத் தலைமையும் எய்தினார். அந்நகரே இப்போதைய திருப்பாதிரிப்புலியூர். புறச்சமயத்தை இகழ்தல் இங்கே எம் கருத்தன்று. ஒரே மனையில் விழுந்த ஒரே இடி, தம்பியைத் தேடி அலையச் செய்தது; தமக்கையை ஓரிடத்தே நிற்கச் செய்தது. அவ்வளவே யாம் காண்பது.

ஆயினும் அம்மையாரின் நிலையை எண்ணிப் பார்மின். எவர்பொருட்டு உயிர் தாங்கினாரோ அவரே விட்டகன்றார். முன்னைத் துயரினும் இது கொடிதன்றோ? முன்னையவை கூற்றுவன் செய்தவை. இது தாம் காத்த பிள்ளை செய்தது. அம்மையார் சுற்றத் தொடர்பையும் விடுத்து, கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். இறைவன் முப்புரம் எரித்த இடமாய், அட்டவீரட்டங்களுள் ஒன்றாயுள்ளது அத்தலம். அங்கே ஒரு மடம் அமைத்துக்கொண்டு, திருநீறும் சிவசாதனமும் தாங்கி, நாடோறும் விடியுமுன் எழுந்து திருவலகிடுவார், கோமயத்தால் திருமெழுக்கிடுவார், மலர் கொய்து மாலை தொடுப்பார். இவை சரியைத் தொண்டுகள். துயருற்ற மனம் தியானத்தில் நில்லாது. ஞானநூலை விரித்தால் எழுத்துக்கள் கலங்கும். துடைப்பம் பிடித்த கைக்கோ மனத்தின் துணை மிக வேண்டுவதில்லை. கை முன்னே செல்ல மனம் பின்னே வரும். நால்வகை நெறியுள் சரியையை முதற்கண் வைத்த ஆசிரியர் உள்ளம் இதுவாகலாம்.

அப்பணியினூடே அம்மையார் வேண்டியது தம் துயர்நீக்கம் அன்று. தம்பியாரை மீட்டருளல் ஒன்றே. பலகால் வேண்டியபின் இறைவன் கனவிற் காட்சிதந்து, அவர் தம்பி முன்னரே தவம் முயன்றவர் என்பதையும், சூலைநோய் தந்து அவரை ஆட்கொள்ளவிருப்பதையும் உணர்த்தியருளினான். வேண்டிய தமக்கைக்குக் கிடைத்த விடை, தம்பிக்கு நோய்! அறக்கருணை, மறக்கருணை என அருளை இருவகையாகச் சொல்லிப்போதல் எளிது. கனவு கண்ட அற்றை வைகறையிலும் அலகெடுத்துச் சென்ற அம்மையாரன்றோ அதனை உண்மையில் அறிந்தவர்!

சூலை பற்றியது. சமணர் மந்திரித்தும், குண்டிகை நீர் தந்தும், பீலியால் தடவியும் தணியவில்லை. தருமசேனர் தம் உணவமைப்பவனைத் தமக்கையாரிடம் விடுத்தார். அவன் திருநந்தவனத்தின் புறத்தே அம்மையாரைக் கண்டு செய்தி கூறினான். எவர்பொருட்டு உயிர் தாங்கினாரோ அவர் நோயால் துடிக்கின்றார் எனக் கேட்டும், சமணப் பள்ளிக்கு வருதற்கு அம்மையார் இசைந்திலர். இதனைக் கல்நெஞ்சம் என்பாரும் உளர். அன்று. ஓடிச்சென்று அணைத்திருப்பின் அது பாசத்தின் செயலாய் முடிந்திருக்கும்; அருளின் செயல் இடையில் தடைப்பட்டிருக்கும். போகாது நின்ற அந்நிலையே அவர் இறைவன்பால் வைத்த நம்பிக்கையின் எல்லை என்பது எம் துணிபு.

தம்பியார் தாமே எழுந்தார். பாயும் குண்டிகையும் பீலியும் ஒழித்து, வெண்டுகில் உடுத்து, இரவிலே ஒருவருமறியாது திருவதிகை வந்து தமக்கையார் அடியில் வீழ்ந்தார். சிறுவயதில் வீழ்ந்த அதே அடிகள். அம்மையார் அவரை எடுத்து, ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். பள்ளியெழுச்சிப் போது அணுகவே, திருவலகும் திருமெழுக்கும் தோண்டியும் ஏந்திக் கோயிலுள் தம்பியாரையும் உடன்கொண்டு புகுந்தார். அந்நாளிலும் அவர் தம் பணியை ஒழிக்கவில்லை என்பதைச் சேக்கிழார் மறவாது கூறியது எம் நெஞ்சை விட்டகலவில்லை. வீரட்டானேசர் திருமுன்னர்த் தம்பியார் கொல்லிப் பண்ணிற் பதிகம் பாட, சூலை அகன்றது. நாவுக்கரசு என்னும் பெயரும் இறைவன் அருளால் எய்திற்று.

பின்னர்ச் சுவாமிகள் உழவாரப் படை ஏந்தித் தலந்தோறும் திருவீதிப் புல் செதுக்கினமை யாவரும் அறிவர். சரியை நெறியாகிய தாசமார்க்கத்துக்கு அவரையே எடுத்துக்காட்டாகக் கூறுவது சைவ மரபு. அவ்வுழவாரம் தமக்கையார் கைத் துடைப்பத்தினின்றும் பிறந்தது என்றால் மிகையாகாது.

நாயன்மார் அறுபத்துமூவருட் பெண்பாலார் மூவரே. திலகவதியார் அத்தொகையிற் சேர்ந்திலர். அவர்தம் முடிவையும் சேக்கிழார் விரித்துரைத்திலர். திருவதிகைக் கோயிலில் அவர்க்குச் சந்நிதி உண்டு. செல்வோர் அப்பர் சுவாமிகளை வணங்கியவாறே அங்கும் சிறிது நின்று வணங்குவாராக.